கோல்ஃப் மைதானத்தில் வேலை: எந்த வேலையில் சேர்ந்தால் சலுகை கைக்கு வரும்?

கோல்ஃப் மைதானத்தில் எந்த வேலைக்குப் போய் நின்றாலும் ஆள் எடுப்பவர் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: "நம்ம ஸ்டாஃப் எல்லாம் திங்கட்கிழமை ஃப்ரீயா ஆடிக்கலாம்." கேட்கவே நன்றாக இருக்கும். வெளியாள் ஒருவர் அதே இடத்தில் ஆட வேண்டுமென்றால் மெம்பர் ஆக வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும், பணம் இருந்தாலும் பெரிய கிளப்களில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது நமக்குச் சும்மா கிடைக்கிறது என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரே சலுகை ஒரு வேலையில் இருப்பவருக்கு முழுசாகக் கிடைக்கும், பக்கத்து வேலையில் இருப்பவருக்குப் பேச்சோடு நின்றுவிடும். சம்பளத்தைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் சேருபவர்கள்தான் அதிகம்.

சென்னை, கோவை, பெங்களூரு பக்கம் இந்த வேலைக்குப் போக நினைப்பவருக்குப் பெரும்பாலும் நான்கு வாசல்கள் திறந்திருக்கும். ஆடுபவரின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் கேடி வேலை, புல்லைப் பார்த்துக்கொள்ளும் கிரீன் ஸ்டாஃப், ரிசப்ஷன் அல்லது புரோ ஷாப் எனப்படும் கிளப் கடை, அப்புறம் பந்தடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்ச். சமையல், செக்யூரிட்டி, அக்கவுண்ட்ஸ் எல்லாம் எந்த ஓட்டலிலும் இருப்பதுதான், அதை விடுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் மேல் உண்மையிலேயே வெறி இருந்தால் ரேஞ்ச். அப்படி இல்லையென்றால் யோசிக்காமல் புல் வேலை. கேடி வேலை இடைக்காலத்துக்கு நல்லது, அதிலேயே வயதாகிவிடக் கூடாது. புரோ ஷாப் பார்க்க அழகான வேலை, சம்பளம் ஒழுங்காக வரும், ஆனால் கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்ப்பதால் வரும் சலுகை என்று பார்த்தால் நான்கிலும் அதுதான் கடைசி. ஏன் என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கடிகாரம். கோல்ஃப் பகல் வெளிச்சத்தில் ஆடும் ஆட்டம், 18 குழி ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், நம்ம ஊர் வெயிலுக்கு மெம்பர்கள் காலை ஆறிலிருந்து பத்துக்குள், இல்லாவிட்டால் மாலை மூன்றரைக்கு மேல்தான் வருவார்கள். அந்த இரண்டு நேரத்திலும் நீங்கள் வேலையில் இருந்தால் மைதானம் எவ்வளவு பச்சையாக இருந்தும் உங்களுக்கு என்ன பிரயோஜனம். அதனால் ஒவ்வொரு வேலையிலும் நான் முதலில் பார்ப்பது எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைத்தான்.

கேடி வேலையில் விடியற்காலையில் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு உட்கார வேண்டும். கேடி மாஸ்டர் வரிசைப்படி அழைப்பார். பல கிளப்களில் அனுபவத்தைப் பொறுத்து ஏ, பி என்று தரம் பிரித்து, ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று கிளப்பே நிர்ணயித்திருக்கும், ஆனால் பணத்தைக் கொடுப்பது ஆடுபவர். இதில்தான் விஷயம் இருக்கிறது: பெரும்பாலான இடங்களில் கேடி கிளப்பின் ஊழியர் இல்லை. சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, மழை பெய்தால் அன்றைக்கு வருமானமும் இல்லை. சில கிளப்களில் கேடிகளுக்கென்று நலநிதி வைத்திருப்பார்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அதிலிருந்து உதவி வரும், நல்ல விஷயம்தான். ஆனால் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் உரிமையோடு கேட்க முடியாது.

சரி, சலுகை? இந்த வேலையில் அது ஆட்களின் வழியாக வருகிறது. ஒரு மெம்பர் உங்களையே வழக்கமாகக் கேட்க ஆரம்பித்துவிட்டால் வரிசையில் உட்கார வேண்டியதில்லை, டிப்ஸ் கூடும், அவர் புதிதாக ஸ்டிக் செட் வாங்கும்போது பழையது உங்களுக்கு வரும், ஷூ வரும், கையுறை வரும். வாரத்தில் பல மணி நேரம் ஒரு தொழிலதிபரோடோ டாக்டரோடோ தனியாக நடக்கும் வாய்ப்பு வேறு எந்த வேலையில் கிடைக்கும்? அந்தப் பழக்கத்தில் தம்பிக்கு வேலை, மகளுக்கு காலேஜ் சீட் என்று கிடைத்த கதைகள் எல்லா கேடி கொட்டகையிலும் உண்டு. அதே கொட்டகையில் இருபது வருஷம் பை தூக்கி முட்டி தேய்ந்து, வழக்கமாகக் கூப்பிட்டவர் இறந்துபோனதும் மறுபடி வரிசையின் கடைசிக்கு வந்தவரும் இருப்பார். பை பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும், ஒரு ரவுண்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் நடை, சனி ஞாயிறில் காலை ஒன்று மாலை ஒன்று. இருபது வயதில் ஒன்றும் தெரியாது.

ஆடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்பதை மட்டும் மறுக்க மாட்டேன். 1991ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 2009ல் அதே பட்டத்தை வென்ற பெங்களூருக்காரர் முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்தான். இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் பையன்களை இழுப்பார்கள். அந்த வருடங்களில் எத்தனை ஆயிரம் பேர் பை தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். பல கிளப்களில் திங்கள் பராமரிப்பு நாள், மெம்பர்களுக்கு மைதானம் மூடியிருக்கும், அன்றைக்குக் கேடிகளையும் ஸ்டாஃபையும் ஆட விடுவது பழைய வழக்கம். கேடிக்கு இது அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் அன்றைக்கு அவருக்கு எப்படியும் சம்பாத்தியம் இல்லை, காலையிலேயே வந்து ஆடலாம், கையில் யாரோ கொடுத்த ஸ்டிக் இருக்கிறது, பந்துகள் புதரில் பொறுக்கியவை. சும்மா ஆடும் சலுகையை அதிகம் அனுபவிப்பவர் கேடிதான். சம்பளம், பி.எஃப். மாதிரி மற்றவை எதுவும் இல்லாதவரும் அவர்தான்.

புரோ ஷாப், ரிசப்ஷன் பக்கம் போனால் ஏ.சி., யூனிஃபார்ம், மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, பி.எஃப்.புக்கு உங்கள் 12 சதவீதத்தோடு அவர்கள் பங்கும் சேரும். ஆங்கிலம் பேச வேண்டும், கம்ப்யூட்டரில் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) புக்கிங் போட வேண்டும், எந்த மெம்பருக்கு எந்த மெம்பரோடு ஆகாது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும் (இதுதான் கஷ்டமான பகுதி). டிகிரி முடித்து வீட்டில் கௌரவமாகச் சொல்லிக்கொள்ள இதுதான் ஏற்ற வேலை, அதில் தப்பும் இல்லை.

ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். மெம்பர்கள் வரும் காலையும் மாலையும்தான் உங்கள் வேலை நேரம். பொங்கல், தீபாவளி, ஞாயிறு, டோர்னமென்ட் நாள் எல்லாம் கூட்ட நாள், லீவு கிடைக்காது. திங்கள்தான் உங்கள் வார விடுமுறை என்றால் பேங்க், ரேஷன், டாக்டர், வீட்டு வேலை எல்லாம் அந்த ஒரு நாளில்தான், சும்மா ஆட வேண்டுமென்றால் விடுமுறை அன்றைக்கும் அதே பஸ்ஸில் ஏறி அதே இடத்துக்கு வர வேண்டும். கல்யாண வீட்டில் பரிமாறுபவர் பந்தியில் உட்காரும் கதைதான். கடையில் ஸ்டாஃபுக்குத் தள்ளுபடி உண்டு என்பார்கள், தூரமாக அடிக்கும் ஸ்டிக்கான நல்ல டிரைவர் ஒன்றின் விலையைப் பார்த்தால் தள்ளுபடி போக மிச்சமும் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். இன்னொன்று, நீங்கள் தினமும் சிரித்து வரவேற்கும் அந்த ரெஸ்டாரன்ட்டில் நீங்கள் உட்கார முடியாது. ஸ்டாஃப் சாப்பாடு பின்பக்கம். இது சிலருக்குப் பெரிதாகப் படாது, சிலருக்கு வருடம் போகப் போக உறுத்தும். நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

புல் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தோட்டக்காரர் வேலை என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான பகுதியில், இருக்கும் புல்லின் உயரம் சுமார் 3, 4 மில்லிமீட்டர். அதை அந்த உயரத்தில் நம்ம ஊர் வெயிலிலும் மழையிலும் உயிரோடு வைத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. முதல் ஆட்டக்காரர் வருவதற்கு முன், இருட்டு பிரியும் நேரத்தில், பனியைத் துடைத்து, கிரீனை வெட்டி, குழியை வேறு இடத்துக்கு மாற்றி முடித்திருக்க வேண்டும். குழி 4.25 அங்குலம் குறுக்களவு, அதற்கென்றே ஒரு வெட்டுக் கருவி உண்டு, ஒரே இடத்தில் எல்லாரும் மிதித்துப் புல் சாகக் கூடாது என்பதற்காக அதை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் வேருக்குக் காற்றுப் போக மண்ணில் துளை போடுவது, மேலே மணல் தூவுவது, பூஞ்சை வந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, ஸ்பிரிங்க்ளர் வால்வு அடைத்தால் தோண்டிச் சரி செய்வது. கிரீன் எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு சாய்வுச் சட்டம் இருக்கிறது, பந்தை அதிலிருந்து உருட்டிவிட்டு எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். டோர்னமென்ட் வாரத்தில் கமிட்டிக்காரர்கள் கேட்பதெல்லாம் அந்த ஒரு எண்ணைத்தான்.

மெஷின் பக்கம் இன்னும் சுவாரசியம். டோரோ, ஜான் டியர், ஜேக்கப்சன் மாதிரி கம்பெனிகளின் உருளை பிளேடு மோவர்கள் ஒவ்வொன்றும் நல்ல கார் விலைக்கு மேல் இருக்கும். பிளேடுக்கும் கீழ்க்கத்திக்கும் நடுவே காகிதம் நுழையும் இடைவெளிதான், அது கொஞ்சம் தவறினால் வெட்டுவதற்குப் பதில் புல்லைக் கிழித்துவிடும், மறுநாள் கிரீன் முழுக்கப் பழுப்பு. இந்த பிளேடைக் கூராக்கி, இடைவெளி பிடித்து வைக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு எப்போதும் கிராக்கி. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், பிளம்பர் படித்த பையன் கோல்ஃப் கிளப் என்றால் அவனுக்கு ரிசப்ஷனில் என்ன வேலை என்று யோசிக்கிறான், நேராக மெயின்டனன்ஸ் ஷெட்டுக்குப் போக வேண்டியவன் அவன்.

நேரம்? விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பித்தால் மதியம் ஒன்று, இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். இதுதான் எனக்கு இந்த வேலையில் பெரிய சலுகையாகத் தெரிகிறது. கிரீன் ஸ்டாஃபுக்குத் திங்கட்கிழமை விடுமுறை இல்லை, மைதானம் காலியாக இருக்கும் அன்றைக்குத்தான் துளை போடுவது, மணல் தூவுவது மாதிரி கனமான வேலையெல்லாம் இருக்கும். ஆனால் வேலை முடிந்ததும் மைதானத்திலேயே இருக்கிறார்கள், மாலை வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. ஆடப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்த மாலை நேரம் உங்களுடையது. கரஸ்பாண்டன்ஸில் டிகிரி படிக்கலாம், இரண்டாவது வேலை பார்க்கலாம், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் சௌராசியாவைச் சொல்லலாம். எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரிப்பில் இருந்தவர். 1829ல் தொடங்கிய கிளப் அது, பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் இல்லை. அங்கேயே வளர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட அந்தப் பையன் 2008ல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016லும் 2017லும் இந்தியன் ஓப்பன் வென்றார். பலன் சில சமயம் இப்படி அடுத்த தலைமுறைக்கும் போகும். அதை நம்பிச் சேர வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து அடிப்பது இவர்கள்தான், மாஸ்க்கும் கையுறையும் பூட்ஸும் கொடுக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள், "துண்டு கட்டிக்கப்பா" என்று சொல்லும் இடம் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பாம்பு உண்டு. மின்னல் அடிக்கும்போது திறந்தவெளியில் இரும்பு மெஷின் மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது, இடி கேட்டால் வேலையை நிறுத்தும் விதி இருக்கிறதா என்று கேளுங்கள். பந்து மண்டையில் படும் ஆபத்து எல்லாருக்கும் உண்டு, பந்து வருகிறது என்று எச்சரிக்க "ஃபோர்" என்று கத்துவது மோவர் சத்தத்தில் காதில் விழாததால் இவர்களுக்கு அதிகம். கொடைக்கானல் மாதிரி மலை மைதானங்களில் காட்டுமாடு நின்றால் அது போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1895லிருந்து இருக்கும் கிளப் அது, மாடுகள் அதற்கும் முந்தியவை.

இன்னொரு முக்கியமான விஷயம், நிறைய கிளப்களில் புல் வேலையை காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் மேலே சொன்ன சலுகைகள் பாதி போய்விடும். ஊழியர் பட்டியலில் உங்கள் பெயர் கிளப் கணக்கில் வருகிறதா காண்ட்ராக்டர் கணக்கில் வருகிறதா என்பதைப் பொறுத்துத்தான் சாப்பாடு, போனஸ், சும்மா ஆடுவது எல்லாமே. நான் புல் வேலைக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குவது கிளப்பின் நேரடி வேலைக்கும், பெரிய பராமரிப்புக் கம்பெனிகளின் நிரந்தர வேலைக்கும்தான்.

டிரைவிங் ரேஞ்சில் வேலை பந்து பொறுக்குவதில் ஆரம்பிக்கும். கூடையில் எண்ணிப் போடுவது, பாய் மேல் பந்தை வைத்துக் கொடுப்பது, சாயங்காலம் லைட் போடுவது. சம்பளம் நான்கில் குறைவு. ஆனால் பக்கத்திலேயே கோச் ஒருவர் நாள் முழுக்க ஒரே தப்பைப் பத்துப் பேருக்குத் திருத்திக்கொண்டிருப்பார், அதைக் காசு கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ரேஞ்ச் மூடிய பிறகு கைநிறையப் பந்து இருக்கிறது, விளக்கும் இருக்கிறது. வெளியே ஒரு கூடைக்குப் பணம் கட்டி அடிப்பவர் ஒரு மாதத்தில் அடிப்பதை நீங்கள் ஒரு வாரத்தில் அடிக்கலாம், மேனேஜர் ஒத்துக்கொண்டால்.

அடுத்த படி கோச் ஆவது. அதற்கு நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா நடத்தும் சான்றிதழ் வகுப்புகள் இருக்கின்றன, ஆடத் தெரிந்திருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். ஒரு சிக்கல்: பணம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்க ஆரம்பித்தால் பொதுவாக அமெச்சூர் (ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்) என்ற தகுதி போய்விடும், அப்புறம் அமெச்சூர் போட்டிகளில் ஆட முடியாது. பதினெட்டு வயதில் நன்றாக ஆடும் பையன் அவசரப்பட்டு நாலு குழந்தைகளுக்கு டியூஷன் எடுக்கப் போகும் முன் இதை யோசிக்க வேண்டும். கோச் ஆகிவிட்டால் மணிக்கணக்கில் வருமானம், மெம்பர் குழந்தைகளின் கோடை வகுப்பு, இவை எல்லாம் மற்ற மூன்று வேலைகளிலும் எட்டாத தொகைக்குப் போகும். எத்தனை பேர் அந்தப் படி ஏறுகிறார்கள் என்றால், ரேஞ்சில் சேரும் பெரும்பாலானவர்கள் ஏறுவதில்லை, சம்பளம் போதாமல் இரண்டு வருஷத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் வெறி இருந்தால் மட்டும் என்றேன்.

இப்போது யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று, நிலம். கோல்ஃப் மைதானம் நகரத்துக்கு நடுவில் பெரிய காலியிடம், அரசின் கண் அதன் மேல் இருந்துகொண்டே இருக்கும். கிண்டியில் ரேஸ் கிளப்பின் 160 ஏக்கர் குத்தகையை ரத்து செய்து 2024 செப்டம்பரில் தமிழக அரசு எடுத்துக்கொண்டது, அந்த ரேஸ் வட்டத்துக்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம். சிங்கப்பூரில் ஜூரோங் கன்ட்ரி கிளப்பை கோலாலம்பூர் அதிவேக ரயிலுக்காக 2016ல் மூடினார்கள், அந்த ரயில் ஒப்பந்தமே 2020 முடிவில் காலாவதி ஆகிவிட்டது என்பது தனிக்கதை. அங்கேயே ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018ல் போனது, மரினா பே மைதானம் 2024 ஜூன் மாதத்தோடு முடிந்தது. நிலம் யாருடையது, குத்தகை எப்போது முடிகிறது என்று விசாரிப்பது மெம்பர் ஆகிறவருக்கு மட்டும் இல்லை, வேலைக்குச் சேருகிறவருக்கும் தேவை.

மைதானம் மூடினால் யாருக்கு என்ன மிஞ்சும்? கேடிக்கு அவர் சம்பாதித்த பழக்கங்கள் அந்த மெம்பர்களோடு கலைந்துவிடும். ரிசப்ஷன்காரர் ஓட்டலுக்குப் போகலாம், சம்பளமும் ஏறக்குறைய அதே. மோவர் ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் ஸ்பிரிங்க்ளர் லைன் போடவும் தெரிந்தவருக்குக் கிரிக்கெட் ஸ்டேடியம், ரிசார்ட், ஐ.டி. பார்க், வெளிநாடு என்று போக இடம் நிறைய. வளைகுடாவில் புல் கோல்ஃப் மைதானமே 1988ல் துபாய் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்போடுதான் ஆரம்பித்தது, அதன் பிறகு எத்தனையோ வந்துவிட்டன, அங்கே புல் வெட்டுவது பெரும்பாலும் தெற்காசிய ஆட்கள்தான். போவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். ஏஜென்ட் "கார்டனர்" விசா என்று சொல்லி அனுப்பும் வேலைக்கும், மெஷின் ஆபரேட்டர் என்று போகும் வேலைக்கும் சம்பளத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும், இங்கே இரண்டு வருடம் மோவர் ஓட்டிய சான்றிதழ் கையில் இருந்தால் இரண்டாவதைக் கேட்கலாம்.

ஆக, காலேஜ் படிக்கும் பையன், சனி ஞாயிறு மட்டும் கைச்செலவுக்கு என்றால் கேடி வேலை தாராளமாகப் போகட்டும், ஆட்டமும் கற்றுக்கொள்வான். குடும்பம் இருக்கிறது, இ.எஸ்.ஐ. கட்டாயம் வேண்டும், வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால் புரோ ஷாப், அதை ஆபீஸ் வேலையாக நினைத்துப் போங்கள், கோல்ஃப் வேலையாக நினைக்காதீர்கள். பதினாறு பதினேழு வயதில் பந்தைப் பார்த்தாலே கை துறுதுறுக்கிறது, வீட்டில் இரண்டு மூன்று வருடம் உங்கள் சம்பளத்தை எதிர்பார்க்க மாட்டார்கள் என்றால் ரேஞ்ச். மீதி எல்லாருக்கும் மெயின்டனன்ஸ் ஷெட், அதாவது புல் வேலை.

எதில் சேர்ந்தாலும் இன்டர்வியூவில் திங்கட்கிழமை சலுகையைப் பற்றிப் பேச்சு வரும்போது தலையாட்டிவிட்டு வராமல் கேட்டுக்கொள்ளுங்கள்: 18 குழியும் ஆடலாமா 9 மட்டுமா, ஸ்டிக் கொடுப்பார்களா நாமே கொண்டுவர வேண்டுமா, ரேஞ்ச் பந்துக்குக் காசு உண்டா, படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்குப் பரீட்சைக் காலத்தில் ஷிஃப்ட் மாற்றித் தருவார்களா, டோர்னமென்ட் வாரத்தில் சலுகை ரத்தாகுமா, காண்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டா. கடைசிக் கேள்விக்கு "பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால், இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.